தண்ணி மாத்தாத கிண்ணத்துல கெடந்த ஃபைட்டர் மீன்: மொத்தமா இன்னைக்கே மாத்தீரலாமுங்களா?

அவிநாசி_தொட்டி (கேள்வி):

வணக்கமுங்க. வீடு காலி பண்ணவங்க விட்டுட்டுப் போன ஆண் ஃபைட்டர் ஒண்ணு கைக்கு வந்திருக்குது. கண்ணாடிக் கிண்ணம், உள்ள ஒரு லிட்டர் தண்ணிதான். மாத்தி மாசக்கணக்கு ஆச்சுங்கறாங்க. தண்ணி மஞ்சளாயிருச்சு, தின்னாத தீனி அடியில பூசணம் புடிச்சுக் கெடக்குது.

மீன் அடியில சாஞ்சு படுத்துக்குது, காத்து வாங்க மட்டும் மேல வருது. வால் பாதி இல்லை, மிச்சத்தோட ஓரம் கறுப்பாக் கிழிஞ்சிருக்குது. செதில் தூக்கலை, வயிறு உப்பலை. தீனி தொடவே இல்லை.

கிண்ணத்துல பி.எச். (புளிப்பு-கார அளவு) 6.2, டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கற உப்பு, தாது அளவு) 420, காலைல 20 டிகிரி. அம்மோனியா கிட்டுல ஆகக் கடைசி நெறம் வருது, அதாவது ரொம்ப அதிகம். எங்க போர் தண்ணி பி.எச். 8.1, டி.டி.எஸ். 1400. கேன் தண்ணி டி.டி.எஸ். 50. பதினஞ்சு லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், 25 வாட் ஹீட்டர் எல்லாம் புதுசா வாங்கியாச்சு. கடையில நீல மருந்தும் குடுத்திருக்காங்க. இன்னைக்கே தொட்டியில போர் தண்ணி நெரப்பி, நீல மருந்து விட்டு, மீனை மாத்தீரலாமுங்களா? இல்ல, கிண்ணத்துலயே பாதியைக் கொட்டிட்டு போர் தண்ணி ஊத்தட்டுங்களா?

நொய்யல்கரை:

ரெண்டும் வேண்டாமுங்க.

மீன் கழிவும் அழுகுன தீனியும் விடற அம்மோனியா தண்ணியில ரெண்டு விதமா இருக்கும். பி.எச். 7-க்குக் கீழ இருந்தா ஏறக்குறைய எல்லாமே அம்மோனியமா இருக்கும், அது செவுளை அவ்வளவாச் சுடாது. பி.எச். ஒண்ணு ஏறுனா சுடற வகை சுமார் பத்து மடங்காயிரும். உங்க கிண்ணம் 6.2-ல நிக்கறதாலதான் அந்த அழுக்குலயும் மீன் உசுரோட இருக்குது. அதுல 8.1 தண்ணியை ஊத்துனா அங்க இருக்கற அழுக்கே விஷமாயிரும். சரி, நேரா புதுத் தொட்டிக்கே விடலாம்னா, பி.எச்.சும் டி.டி.எஸ்.சும் ஒரே நேரத்துல இத்தனை தூரம் தாவுனா இளைச்ச மீனோட செவுளும் சிறுநீரகமும் ஈடு குடுக்காது. அன்னைக்கு நல்லா நீந்தும், மறுநாளோ அதுக்கடுத்த நாளோ செத்துக் கெடக்கும். நெறைய பேரு மருந்து ஒத்துக்கலைனு நெனைக்கறது இதைத்தான்.

முதல்ல தண்ணியைக் கலந்து வெச்சுக்குங்க. கேன் தண்ணி நாலு பங்கு, போர் தண்ணி ஒரு பங்கு. டி.டி.எஸ். 320 வாக்குல வரும், கிண்ணத்துக்குப் பக்கம். கேன் தண்ணியை மட்டும் ஊத்துனா தாது பத்தாம பி.எச். நிலையா நிக்காது. குழாய்த் தண்ணினா குளோரின் எடுக்கற சொட்டு விடணும்.

கண்டிஷனர் (தண்ணியில இருக்கற விஷத்தை முறிக்கற சொட்டு) வாங்கறப்ப பாட்டில்ல அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும்னு போட்டிருக்கான்னு பாருங்க. வெறும் குளோரின் சொட்டு இந்த வேலைக்கு ஆகாது. அதைக் கிண்ணத்துல முதல்ல விட்டுட்டு, அடியில கெடக்கற தீனியை ஏர் டியூப்ல உறிஞ்சி 250 மி.லி. வெளிய எடுங்க. கலந்த தண்ணி 250 மி.லி.யை அதே டியூப்புல ஒரு முடிச்சுப் போட்டு, செகண்டுக்கு ரெண்டு சொட்டு வர்ற மாதிரி விடுங்க. முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். இதைக் காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கானு ரெண்டு நாள் செஞ்சா பழைய தண்ணி மூணுல ஒரு பங்குக்கு வந்துரும். ஒவ்வொரு தடவையும் பி.எச். பாருங்க. அப்பறம் தொட்டிக்கு மாத்துங்க. வலை போட்டுப் புடிக்காதீங்க, கிழிஞ்ச வால் இன்னும் கிழியும். ஒரு டம்ளர்ல மொண்டு விடுங்க.

சூட்டையும் அப்படித்தான் ஏத்தணும். ஹீட்டரை ஒரு லிட்டர் கிண்ணத்துக்குள்ள போட்றாதீங்க, மீன் வெந்துரும். பக்கெட்டுல தண்ணி விட்டு அதுல ஹீட்டரை வெச்சு, செங்கல் மேல கிண்ணத்தை நிறுத்துங்க. நாளைக்கு ரெண்டு மூணு டிகிரி ஏத்தி 27-ல நிறுத்துனாப் போதும். தண்ணிக்குள்ள கைய விடறதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கிருங்க. மார்கழி தையில நம்ம பக்கம் ராத்திரி குளிர் இந்த மீனுக்கு ஆகாது. 20 டிகிரியில செரிமானமும் நோய் எதிர்ப்பும் ரெண்டும் மந்தமாயிரும்.

முதல் நாள் தீனியே வேண்டாம்.

பவானி_மீனக்கா:

நொய்யல்கரை அண்ணா சொன்னதை அப்படியே செய்யுங்க. மருந்து பத்தி மட்டும் நான் சொல்றேன்.

நீல மருந்துங்கறது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கும் முட்டைக்கும் ஆகும். ஆனா ஃபில்டர்ல அழுக்கைத் தின்ற பாக்டீரியாவையும் அது கொல்லும், தொட்டியோட சிலிக்கான் ஒட்டும் நீலமாயிரும். வால் ஓரம் கறுப்பா இருக்கறதுக்கு இப்ப அது தேவையில்லை. அது வால் அழுகல், அது நிக்கறதுக்குப் பெரும்பாலும் நல்ல தண்ணியும் சூடும் போதும். நாலஞ்சு நாள் சுத்தமான தண்ணியில இருந்தும் வால் இன்னும் குறைஞ்சுக்கிட்டே வந்தா உப்பு போடுங்க.

கல் உப்பு, நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தட்டையா. உங்க தொட்டி பதினஞ்சு லிட்டரும் நெரம்பியிருந்தா மூணே முக்கால் வரும். அதை மூணா பிரிச்சு, தனியாக் கரைச்சு, பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்கு. கரையாத உப்புக் கல்லு மேல மீன் படுத்தா தோல் வெந்து போகும். உப்பு ஆவியாகாதுங்கறதை ஞாபகம் வெச்சுக்குங்க. தண்ணி வத்துனா உப்பில்லாத தண்ணியைத்தான் ஊத்தணும். மாத்தறப்ப மட்டும், வெளிய எடுத்த தண்ணிக்கு எவ்வளவோ அவ்வளவு உப்பு சேருங்க. பத்து நாளைக்கு மேல வேண்டாம்.

நாட்டு வாதுமை (நம்ம ஊரு பாதாம் மரம்) இலை போடலாம். தானா உதிர்ந்து காஞ்ச பழுப்பு இலையா இருக்கணும், பச்சை இலை ஆகாது. புகையும் பூச்சி மருந்தும் படாத மரமாப் பாத்து எடுத்து, கழுவி, பத்து லிட்டருக்கு ஒண்ணு. தண்ணி பழுப்பானா பயப்படாதீங்க, ஃபைட்டருக்கு அது பழகின நெறந்தான்.

மஞ்சள்தூள் போடச் சொல்லி யாராவது வருவாங்க. ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் வேண்டாம். தூள் தண்ணியில கரையாது, மிதந்து செவுள்ல ஒட்டிக்கும்.

ஒண்ணு மட்டும் கவனமாப் பாருங்க. உடம்புல சாம்பல் வெள்ளையா ஒரு திட்டு வந்து, ஒரு நாளுக்குள்ள முதுகைச் சுத்திப் பரவினா அது காலம்னாரிஸ்ங்கற பாக்டீரியா நோய். சூடு கூடுனா அது வெசையாப் பரவும், ஹீட்டரை 25-க்குக் குறைங்க. அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேணும், கால்நடை மருத்துவர்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.

கொடிவேரி:

அக்கா, அண்ணா ரெண்டு பேரும் தொட்டியைப் பத்திச் சொல்லலை. புது ஸ்பாஞ்ச்ல பாக்டீரியா இருக்காது, வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் தினமும் அம்மோனியா பாருங்க. 0.25 பி.பி.எம். காட்டுனா அன்னைக்கே நாலுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. நோயில்லாத தொட்டி வெச்சிருக்கற சிநேகிதர் யாராவது இருந்தா, ஓடிக்கிட்டு இருக்கற ஸ்பாஞ்ச் ஒண்ணை ஈரத்தோட வாங்கிப் போட்டுருங்க, பெரும்பாடு மிச்சம்.

தண்ணி மட்டம் முதல் வாரம் அரை அடிக்கு மேல வேண்டாம். பலமில்லாத மீன் காத்து வாங்க மேல வர்றதுக்கே தெம்பு செலவாகும். அந்த மட்டத்துல ஹீட்டர் முழுசா முங்கியிருக்கணும், நிக்க வெச்சா முங்காதுனா படுக்க வெச்சு ஒட்டுங்க. ஏர் பம்ப் வால்வைக் குறைச்சு, குமிழி மெதுவா வர்ற மாதிரி வெச்சாப் போதும். மூடி கட்டாயம். குதிச்சுருங்கறது ஒரு பக்கம், தண்ணிக்கு மேல இருக்கற காத்தும் வெதுவெதுப்பா இருக்கணும், அதைத்தான் அது சுவாசிக்குது. காத்து வாங்கற மீன்தானே, எதுல வெச்சாலும் பொழைச்சுக்கும்னு பாட்டில்ல அடைக்கறவங்க, அதோட செவுளை அம்மோனியா சுடும்ங்கறதை மறந்துர்றாங்க.

அவிநாசி_தொட்டி:

ரொம்ப நன்றிங்க. தொட்டிக்கு மாத்தியாச்சு. பி.எச். 7.1, 27 டிகிரி, அம்மோனியா பூஜ்யத்துக்கும் 0.25-க்கும் நடுவுல. மீன் எழுந்து சுத்துது, உப்பு போடலை. ஆனா வால் ஓரத்துல இப்ப வெள்ளையா ஏதோ தெரியுது. அழுகல் திரும்ப வருதுங்களா? தீனி என்ன குடுக்கட்டும்?

பவானி_மீனக்கா:

டார்ச்சை வால் பின்னாடி புடிச்சு முன்னாடி இருந்து பாருங்க. கண்ணாடித்தாள் கணக்கா, வெளிச்சம் ஊடுருவற மெல்லிய ஓரமா இருந்து, அதுக்குள்ள நூல் நூலா நரம்பு நீண்டு வந்தா அது புதுசா வளர்ற வால். நெறம் பின்னாடிதான் ஏறும். இதைப் பூஞ்சைனு நெனைச்சு மருந்து ஊத்திக் கெடுக்கறவங்க அதிகம். அழுகல்னா ஓரம் கறுப்பாவோ செவப்பாவோ, ஒரே சீரா இல்லாம அரிச்ச மாதிரி இருக்கும். பூஞ்சைனா ஓரத்தைத் தாண்டி வெளிய இழை இழையாத் தொங்கும். தெரிஞ்சுக்க ஒரு வழி: இன்னைக்கு ஒரு படம், நாலு நாள் கழிச்சு அதே பக்கமா ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்க.

நொய்யல்கரை:

தீனி முதல் மூணு நாள், காலைல ரெண்டு குருணை, பொழுதோட ரெண்டு. ஃபைட்டருக்குனே விக்கற சின்ன குருணை, புரதம் 40 சதவீதத்துக்கு மேல இருக்கறதா வாங்குங்க. ரெண்டு நிமிஷத்துல தின்னலைனா எடுத்துருங்க. குருணையைத் துப்புச்சுனா கொசுப்புழு குடுங்க, அசையறதைப் பாத்தா பட்டினி கெடந்த மீனும் பாயும். வேளைக்கு மூணு நாலு போதும். மழைத் தண்ணியில வளர்ந்த புழுவா இருக்கணும், சாக்கடைப் புழு ஆகாது. நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிட்டு, எண்ணிப் போட்டு, மிஞ்சுனதை வெளிய எடுத்துருங்க, விட்டா வீட்டுக்குள்ளயே கொசுவாப் பறக்கும். செவப்பா கொத்தா விக்கற டியூபிஃபெக்ஸ் புழு இப்போதைக்கு வேண்டாம், அழுக்குத் தண்ணியில வளர்றது, கிருமியோட வரும். வயிறு உப்புனா ஒரு நாள் பட்டினி போட்டு, மறுநாள் டாப்னியா (பொடிசா இருக்கற தண்ணிப் பூச்சி) குடுங்க. பட்டாணி வேண்டாம், இது பூச்சி தின்ற மீன்.