ஆண் பாம்பு இரையை மறுக்கும் மாதங்கள்: உங்கள் வீட்டில் எப்படி?

ஸ்காபரோவிலிருந்து:

எங்கள் வீட்டு பால் பைத்தான் (ball python என்கிற சிறிய மலைப்பாம்பு வகை) முத்து ஆண், ஆறு வயது. இந்த வருஷமும் அக்டோபர் கடைசி வாரத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டான். இது நான்காவது குளிர்காலம் என்பதால் எனக்குப் பதற்றம் இல்லை. ஆனால் முதல் தடவை நான் செய்த தப்பை எழுதியே ஆக வேண்டும். இப்போது அதே நிலையில் இங்கே யாராவது இருப்பீர்கள்.

அப்போது அவனுக்கு இரண்டரை வயது, எடை 980 கிராம். இடுக்கியில் எலியைக் காட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்து சுற்றிக்கொள்பவன், அன்றைக்கு நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். சரி, சட்டை உரிக்கப்போகிறான் என்று விட்டுவிட்டேன். சட்டையும் உரித்தான், அப்புறமும் தொடவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தரம் எலியை நீட்டினேன், சுண்டெலி மாற்றிப் பார்த்தேன், தொட்டியையே மாற்றினேன். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "அது இன்னும் பட்டினியாவா கிடக்குது?" என்று கேட்பார். பாம்பு என்றாலே நடுங்குகிற அம்மா அப்படிக் கேட்டது என்னை இன்னும் கலக்கியது.

ஏழாவது வாரம், எலி வாங்கும் கடையில் சொன்னார்கள் என்று வாயைத் திறந்து ஊட்டிவிட்டேன். மறுநாள் ராத்திரி முழு எலியையும் கக்கிவிட்டான். அந்த நாற்றமும், மூலையில் சுருண்டு அவன் கிடந்த கிடப்பும் இன்னும் மறக்கவில்லை. விடிந்ததும் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வாய்க்குள் பார்த்தார், முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவி சதையைப் பார்த்தார், தராசில் வைத்தார். 30 கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை. "ஆண்தானே? வயசுக்கு வந்துவிட்டான். நோயெல்லாம் ஒன்றும் இல்லை, பெண் தேடுகிறான்" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் பார்த்ததெல்லாம் புரிந்தது. பகலெல்லாம் மறைவிடத்தில் கிடப்பவன் ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணாடியோரமாகவே சுற்றிச் சுற்றி வருவான். மூக்கை மூலையில் தேய்த்துத் தேய்த்து நுனிச் செதில் சிவந்துபோயிருந்தது. கழிவோடு மெழுகுத் துணுக்கு மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளையாக ஒன்று கிடந்ததைப் பார்த்துப் புழுவோ என்று பயந்தேன். அது காய்ந்த விந்து.

பால் பைத்தானின் பூர்வீகம் கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே வருஷத்தில் குறிப்பிட்ட சில மாதங்களில்தான் இணை சேரும். அந்த மாதங்களில் ஆணுக்கு வயிறு இரண்டாம்பட்சம். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தாலும், பக்கத்தில் பெண்ணே இல்லாவிட்டாலும், உடம்பு அந்தக் கணக்கை மறப்பதில்லை. தெர்மோஸ்டாட் வைத்து ஒரே சூட்டில் வளர்த்தும் முத்துவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இப்போது நான் செய்வது கொஞ்சம்தான். சூட்டுப் பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, தினமும் புதுத் தண்ணீர். அவனுக்கென்றே ஒரு சமையல் தராசு வாங்கி ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் இரை காட்டுவது. தொடவில்லை என்றால் அன்றோடு பேச்சில்லை. அந்த முதல் குளிர்காலத்தில் மார்ச் நடுவில் தானாகவே ஒரு சின்ன எலியைப் பிடித்தான். அன்று எடை 925. ஐந்து மாதத்தில் 55 கிராம்தான் போயிருந்தது.

லெஸ்டரிலிருந்து:

எங்கட வீட்டில இருக்கிறது கோர்ன் பாம்பு, அதுவும் ஆண். மகள் கேட்டு வாங்கினது. இவர் மாரி முழுக்க நல்லாச் சாப்பிடுவார், ஏப்ரல் பிறந்தால்தான் பிரச்சினை. அஞ்சு கிழமை ஒன்றும் தொடமாட்டார், விடிய விடிய மூடியை முட்டிக்கொண்டு நிற்பார். போன வருஷம் மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்ததைக் கவனிக்காமல் விட்டிட்டன். காலமை தொட்டி வெறுமை. மகள் அழுத அழுகை! மூன்றாம் நாள் வொஷிங் மெஷினுக்குப் பின்னால, சூடான குழாயைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். ஆண் வைத்திருக்கிறவை வசந்தம் தொடங்க முதலே பூட்டைப் பாருங்கோ.

விண்ணிப்பெக்கிலிருந்து:

நான் பாம்பு வளர்ப்பவன் இல்லை, நார்சிஸ் போய்வந்தவன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே, சுண்ணாம்புக்கல் குழிகளில் ஆயிரமாயிரம் கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மே மாதத் தொடக்கத்தில் ஆண்கள்தான் முதலில் மேலே வந்து காத்திருக்கும். ஒரு பெண் தலைகாட்டினால் போதும், பத்து இருபது ஆண்கள் அவளைச் சுற்றி நூல்கண்டு மாதிரி உருளும். காய்ந்த இலைமேல் மழை தூறுவதுபோல அந்தச் சரசரப்பு. செப்டம்பரிலிருந்து பட்டினி கிடந்து வந்தவை, ஆனாலும் இணை சேரும் வாரங்கள் முடிந்து சதுப்புநிலத்துக்குப் போகும்வரை இரை தேடுவதே இல்லை என்று அங்கிருந்த வழிகாட்டி சொன்னார். முத்துவின் கதையைப் படித்ததும் அந்தக் குழிதான் ஞாபகம் வந்தது.

மிசிசாகாவிலிருந்து:

என் பால் பைத்தானும் ஆண்தான், மூன்று வயது. ஐந்து வாரமாகச் சாப்பாடு இல்லை. இரண்டு நாளாக வாயோரம் குமிழி வருகிறது, தலையை மேலே தூக்கியபடியே கிடக்கிறான். 1,150 கிராம் இருந்தவன் இப்போது 990. இதுவும் பருவம்தான் என்று விட்டுவிடலாமா?

ஸ்காபரோவிலிருந்து:

விடாதீர்கள். இது பருவம் இல்லை. ஐந்து வாரத்தில் 160 கிராம் போவது எந்தக் கணக்கிலும் சேராது. பருவத்துக்குப் பட்டினி கிடக்கிற ஆண் துறுதுறுவென்றுதான் இருப்பான், தூக்கினால் கையில் இறுக்கிப் பிடிப்பான். குமிழியும் தூக்கிய தலையும் மூச்சுக்குழாயில் தொற்று இருப்பதன் அடையாளம். நாளைக்கே ஊர்வன மருத்துவரிடம் காட்டுங்கள். துணிப்பையில் போட்டு, அதை ஒரு பெட்டியில் வைத்து, காரை முன்னமே சூடாக்கிவிட்டுக் கொண்டுபோங்கள்; வெளியே மைனஸ் எட்டு. கிளம்புவதற்கு முன் தொட்டியின் சூட்டுப் பக்கம் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார். எந்த மருத்துவர் என்று தெரியாவிட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள், இன்று ராத்திரி விழித்திருப்பேன்.