பிரான்சிலிருந்து வந்த சிப்பாய் கடிதங்கள்: அது யாருடைய குரல்?

வைகைக்கரை:
முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை "சிப்பாயின் சொந்தக் குரல்" என்று பகிர்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவன் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதினான். ரெஜிமெண்ட் அதிகாரி பார்த்தார். அப்புறம் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் இருந்த தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. இன்று பெரும்பாலும் மிச்சம் இருப்பது அந்த அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த துண்டுகள்தான். இத்தனை கை மாறிய பிறகு குரல் எங்கே?

தேன்மொழி:
தணிக்கை நடப்பது அவர்களுக்கும் தெரியும் அண்ணா. அதனால்தான் மிளகு கதை வந்தது. கறுப்பு மிளகு என்றால் நம் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது என்று 1915-ல் எழுதினால் ஊரில் இருப்பவனுக்குப் புரியும், அங்கே நம் ஆட்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்று. அந்த மார்ச்சில்தான் பிரான்சில் நம் ஆட்களும் போரிட்ட நவ் ஷப்பேல் சண்டை. இப்படி எழுத எந்த அதிகாரி சொல்லிக்கொடுத்திருப்பார்?

வைகைக்கரை:
மிளகு தணிக்கையாளருக்கே புரிந்துவிட்டதம்மா. புரிந்ததால்தான் அறிக்கையில் ஏறியது, நமக்கும் கிடைத்தது. அங்கே தலைமைத் தணிக்கையாளர் ஹவல். அவருக்கு வேண்டியது படையின் மனநிலை. எருமை கன்று போட்டதா என்று கேட்டவனின் வரியை அவர் எதற்காக எடுத்து வைப்பார்?

கரிசல்மணி:
என் தாத்தா 1971-ல் கிழக்கு எல்லையில் இருந்தவர். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார், தெருவே நிற்கும். அனுப்புநர் முகவரியில் ஊர் இருக்காது, ராணுவத் தபால் நிலையத்தின் ஏபிஓ எண் மட்டும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, வெள்ளாட்டுக் குட்டியை விற்றுவிடாதே என்று முடியும். போரைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுப்படி மாடத்தில் செருகி வைத்ததில் தாள் ஓரமெல்லாம் புகை ஏறிப் பழுப்பாக இருக்கும். ஊரே கேட்கும் என்று தெரிந்துதான் எழுதினார். அதற்காக அது அவர் சொல் இல்லை என்று ஆகிவிடுமா?

வைகைக்கரை:
உங்கள் பாட்டியிடம் அவர் அனுப்பிய தாளே இருந்தது. இங்கே பிரான்சுக்குப் போன பஞ்சாபிச் சிப்பாய் என்ன சொல் போட்டான் என்பதே தெரியாது. என் சண்டை அதற்குத்தான்.

தேன்மொழி:
சரி, சொல் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். செய்தி போகவில்லையே. இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையைக் காயம்பட்ட நம் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக்கி, சாதி மதம் பார்த்து ஒன்பது சமையலறை வைத்து, படம் எடுத்து அரசு ஊரெல்லாம் பரப்பியது. புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காயம் ஆறியவனை வீட்டுக்கு விடாமல் மறுபடியும் போர்முனைக்கே அனுப்புகிறார்கள் என்ற புலம்பலும் அதே கட்டில்களிலிருந்து வந்தது. இன்னொன்று. காலாட்படை 1915 முடிவில் கிளம்பிவிட்டாலும் குதிரைப்படை 1918 வரை பிரான்சில் இருந்தது. அங்கே பெண்கள் வயலிலும் கடையிலும் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, நம் பெண் பிள்ளைகளைப் படிக்க வை என்று வீட்டுக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். இதில் சர்க்காருக்கு என்ன லாபம்?

வைகைக்கரை:
அந்தக் கடிதங்களை நானும் நம்புகிறேன். படிக்கும்போது என் கண்ணும் கலங்கியது. நான் கேட்பது ஒன்றுதான். பகிரும்போது, "தணிக்கை அலுவலகம் எடுத்து மொழிபெயர்த்த பகுதி" என்று கீழே ஒரு வரி போடுங்கள்.

தேன்மொழி:
போடுகிறேன். எழுதியவன் எந்த ரெஜிமெண்ட் என்று தெரிந்தால் அதையும் சேர்த்தே போடுகிறேன்.