ஏழு மாநிலமும் இழுபறி என்றார்கள், ஏழும் ஒரே பக்கம் விழுந்தது எப்படி?

பொரிகடலை:
2024 நவம்பரில் ஒரு வாரம் ஆபீஸ் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்று முடிவைத் தீர்மானிக்கும் ஏழு மாநிலத்தில் எதை எடுத்தாலும் "இழுபறி". கடைசியில் டிரம்ப் ஏழு மாநிலத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டார், 312-க்கு 226. ஏழும் சமம் என்றால் நாலு அங்கே மூணு இங்கே என்றுதானே விழ வேண்டும்? 2016-லும் இதே கூத்து. அப்புறம் எதற்கு மாநிலம் மாநிலமாகக் காசைக் கொட்டிக் கேட்கிறார்கள், மொத்த நாட்டுக்கும் ஒன்று எடுத்தால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். போதாது. மொத்த நாட்டு ஓட்டை எண்ணி அங்கே யாரும் ஜனாதிபதி ஆவதில்லை, மாநிலங்கள் வழியாக வரும் 538 எலக்டோரல் ஓட்டில் 270 வாங்க வேண்டும். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் கிட்டத்தட்ட 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். நாடு தழுவிய கணிப்புகள் அவருக்கு மூன்று சதவீதப் புள்ளி முன்னிலை கொடுத்தன, வந்தது இரண்டு. அதைத் தப்பு என்றே சொல்ல முடியாது. சறுக்கியது மாநிலங்களில்தான். விஸ்கான்சினில் நல்ல பெயர் எடுத்த மார்கெட் சட்டக் கல்லூரிக் கணிப்பு (சந்தை இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயர்) கிளிண்டன் 6 புள்ளி முன்னால் என்றது. டிரம்ப் 22,748 ஓட்டில் ஜெயித்தார்.

காரணம் தேடியபோது பெரிதாக அகப்பட்ட ஒன்று படிப்பு. பட்டம் வாங்கியவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்வார்கள், மற்றவர்கள் போனை வைத்துவிடுவார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டுப் போட்ட காலத்தில் அது உறுத்தவில்லை. 2016-இல் படித்தவர் ஒரு பக்கம், படிக்காதவர் இன்னொரு பக்கம் என்று பிரிந்தார்கள், மாநில அளவில் கணிப்பு எடுத்த பலர் படிப்பை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டவே இல்லை (சரிக்கட்டுவது என்றால், குறைவாக அகப்பட்டவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பது).

இப்போது உங்கள் ஏழு மாநிலம். ஏழு காசைத் தனித்தனியாகச் சுண்டுவதாக நினைக்கிறீர்கள், அது அப்படி இல்லை. ஒரே கடைத் தராசில் ஏழு பை அரிசி நிறுத்தால், தராசு கோணல் என்றால் ஏழு பையும்தான் குறையும். மிச்சிகனில் போன் எடுக்காத ஆளும் நெவாடாவில் போன் எடுக்காத ஆளும் பல விதத்தில் ஒரே மாதிரி ஆட்கள். அதனால் இரண்டு புள்ளி பிசகினால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் பிசகும். கணிப்புகளை எல்லாம் சேர்த்துத் தேர்தலைக் கம்ப்யூட்டரில் பல முறை ஓட்டிப் பார்க்கும் புள்ளிவிவரக்காரர் நேட் சில்வர். அவர் ஓட்டியதில் அதிக முறை வந்த ஒற்றை முடிவே டிரம்ப் ஏழு மாநிலத்தையும் அள்ளுவதுதான், அதை யாரும் தலைப்பாகப் போடவில்லை, அவ்வளவுதான்.

ஏரிக்கரை:
நான் இருப்பது மிச்சிகன், ஓட்டும் இங்கேதான். ஆனால் போன் நம்பர் பத்து வருஷத்துக்கு முன்னால் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வாங்கியது. அந்த அக்டோபரில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு கணிப்புக்காரப் பெண் கூப்பிட்டாள். அபூர்வமாகக் கேட்கிறார்களே என்று அடுப்பைக்கூடக் குறைத்து வைத்தேன். டெக்சாஸில் எந்தக் கவுன்டி என்றாள். மிச்சிகன் என்றேன். "ஸாரி மேடம், இது டெக்சாஸுக்கு" என்று வைத்துவிட்டாள். தோசை கருகியதுதான் மிச்சம். நாடே உற்றுப் பார்க்கிற மாநிலத்தில் இருந்துகொண்டு என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மிச்சிகன் நம்பர்தான், அவருக்கு மெசேஜில் லிங்க் வந்தது. லிங்க் என்றாலே திருடன் என்று அழித்துவிட்டார்.

சந்தேகராமன்:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் கணிப்பு எடுப்பவர்களை ரொம்ப நல்லவர்களாக்கிவிட்டார். 800 பேரைக் கேட்டால் ஒருவரின் சதவீதத்திலேயே மூன்றரைப் புள்ளி முன்னே பின்னே ஆகும், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கிட்டத்தட்ட ஏழு. அதாவது நிஜமாகவே சமம் என்றாலும் ஒரு கணிப்பு அஞ்சு கூட, இன்னொன்று நாலு குறைய என்று சிதற வேண்டும். 2024-இல் வரிசையாக ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று வந்தது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய விடைத்தாள் மாதிரி. சில்வரே இதை மந்தைத்தனம் என்று திட்டினார்.

ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். 2020-இல் ஏபிசி டிவியும் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் சேர்ந்து எடுத்த கணிப்பு விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னால் என்றது, அவர் ஜெயித்தது ஒரு புள்ளிக்கும் குறைவில். இன்னும் சிரிக்கிறார்கள். 2024-இல் ஐயோவா மாநிலத்தில் கணிப்பு எடுத்துவந்த ஆன் செல்சர் என்ற அம்மா, கமலா ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்று போட்டார். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். படு மோசமான தப்பு, ஆனாலும் கைக்கு வந்த எண்ணை மறைக்காமல் போட்டார் என்பதால் எனக்கு அந்த அம்மா மேல் மரியாதைதான்.

கணக்குப்பிள்ளை:
மந்தைத்தனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே காப்பி இல்லை. "போன தடவை யாருக்குப் போட்டீர்கள்" என்று கேட்டு அதை 2020 முடிவோடு ஒட்டவைத்துச் சரிக்கட்டுவது 2024-இல் நிறையப் பேர் செய்தது. அப்படிச் செய்தால் எண் தானாகவே பழைய முடிவின் பக்கத்தில் போய் நிற்கும்.

சரிக்கட்டுவதிலும் அளவு வேண்டும். 2016-இல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் சேர்ந்து, அதே ஆட்களையே திரும்பத் திரும்பக் கேட்டு நடத்திய கணிப்பில் இலினாய்ஸைச் சேர்ந்த ஒரு 19 வயதுக் கறுப்பினப் பையனை, அந்த வகை ஆட்கள் குறைவாக இருந்ததால், சராசரி ஆளைப் போல 30 மடங்கு வரை கணக்கில் எடுத்தார்கள். அவன் டிரம்ப் ஆதரவாளன். அவன் ஒரு வாரம் பதில் சொல்லாவிட்டால் மொத்தக் கணிப்பே ஆடும்!

பொரிகடலை:
அந்தப் பையனுக்கு அவன் பலம் தெரிந்திருக்குமா! சரி, 2028-க்கு நான் எதைப் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
தனிக் கணிப்பை விட்டுவிட்டு மாநிலச் சராசரியைப் பாருங்கள். பார்த்துவிட்டு மூன்று நாலு புள்ளியை எல்லா மாநிலத்திலும் சேர்த்து ஒரே பக்கம் தள்ளிப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். ஜெயிக்கிற ஆள் மாறினால் யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம், லேப்டாப்பை மூடிவிட்டு ஆபீஸ் வேலையைப் பாருங்கள்.

சந்தேகராமன்:
ஏரிக்கரை, அதற்குள்ளாவது மிச்சிகன் நம்பர் வாங்குவீர்களா?

ஏரிக்கரை:
மாட்டேன். ஊரில் அம்மாவுக்கு இந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்.