சீசனும் செமஸ்டரும்: முதலாம் வருடத்தில் வேலையும் பார்த்தவர்கள் எழுதுங்கள்

உப்புவெளிக்காரன்:

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பத்து அறைகள் உள்ள சிறிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில்தான் என் முதலாம் வருடத்தின் பாதி கழிந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிய பட்ச், அதாவது புதிய மாணவர் அணி, வரப்போகிறது. வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கலாமா என்று இரண்டு மூன்று தம்பிமார் கேட்டுவிட்டார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன்; உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

என் ஊர் வவுனியாப் பக்கம். முகாமைத்துவம் படிக்க வந்தேன். உதவித்தொகை முதல் சில மாதங்கள் கணக்கில் விழவில்லை. அலஸ்தோட்டத்தில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறைக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் பிறந்தவுடன் வேலை கிடைத்தது. மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை, வாரத்தில் நான்கு நாள்.

வேலைக்குச் சேரும் முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நாட்டின் உயர்கல்வித் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேர உழைப்பு. விரிவுரை, ஒப்படை, அறையில் இருந்து படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். செமஸ்டருக்கு 15 கிரெடிட், 15 வாரம். ஆக வாரத்துக்குப் படிப்பு 50 மணி, வேலை 24 மணி. நாளுக்கு ஏழு மணி வீதம் தூக்கம் 49. ஒரு வாரத்தின் 168 மணியில் இன்னும் 45 மணி மிச்சம்! குளிக்க, சாப்பிட, டச் பேயில் கடலை கொறிக்க அது தாராளம் என்று நினைத்தேன். தாளைச் சுவரிலும் ஒட்டினேன். ஐந்தொகை இரு பக்கமும் சமப்பட்டால் உலகமே சரியாக இருக்கிறது என்று நம்புகிற வயது.

ஜூலை வரை சமாளித்தேன். அதன் பிறகு ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியாக இல்லை. வெளிநாட்டுப் பயணிகள் சிகிரியா பார்த்துவிட்டு இருட்டிய பின் வேனில் வந்து இறங்குவார்கள். கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவேட்டை நிரப்ப வேண்டும். மறுநாள் காலை புறாமலைத் தீவுக்குப் படகு யாருக்கு, கடலுக்கடியில் பார்க்கும் முகக் கண்ணாடி யாருக்கு என்று எழுதி வைக்க வேண்டும். அறைத் திறப்புகளின் கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் நான் கணக்கியல் ஒப்படையைச் செய்துகொண்டிருந்தேன். கடற்காற்றில் தாள் ஊறிப் பேனா வழுக்கும். இடையில் ஒருவர் வந்து சுடுநீர் வரவில்லை என்பார். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது.

ஒப்படை திரும்பி வந்தபோது, பெறுமானத் தேய்வுக்கு நேரே 8,500 என்ற தொகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று எழுதியிருந்தார் விரிவுரையாளர். எனக்கும் விளங்கவில்லை. இரவு வேலைக்குப் போய்க் கொப்பியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது நான்காம் இலக்க அறையின் பில்.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம். விரிவுரை வரவு அப்படியல்ல. காலை எட்டு மணி விரிவுரை ஒன்று வாரத்தில் இரண்டு நாள் இருந்தது. செமஸ்டருக்கு 30 விரிவுரை. 80 வீதம் வரவு இருந்தால்தான் பரீட்சை எழுதலாம், அதாவது 24. நான் போனது 22. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் கனிஷ்ட மாணவர்களோடு இருந்து எழுதினேன். எங்கள் பீடத்தில் மறுமுறை எழுதுபவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடையாது. வினாத்தாள் இலகுவாக வந்ததுதான் அதைவிட வயிற்றெரிச்சல்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஆகஸ்டில் என் அறைத்தோழனின் அப்பா மூதூரில் இறந்துபோனார். பட்ச் முழுவதும் பஸ் பிடித்துப் போனது. ஹோட்டலில் அன்று இரண்டு வேன் ஆட்கள். முதலாளியிடம் கேட்கத் தயங்கினேன். கேட்டிருந்தால் விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குத்தான் போனேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் எனக்குப் பலகாரம் எடுத்து வைத்தான். என் 45 மணி மிச்சத்தில் செத்த வீடு எந்த வரியில் வருகிறது என்று தெரியாமல் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் சொல்ல வருவது இதுதான். திருகோணமலையில் வாரக் கணக்குப் போடாதீர்கள், வருடக் கணக்குப் போடுங்கள். இங்கே வேலை மாதாமாதம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் அமைதி. வேலை அப்போதுதான் இருக்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கடல் கொந்தளிக்கும், வெள்ளைக்காரர் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள், ஹோட்டல் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிவிடுவார்கள். என்னையும் ஒக்டோபரில் நிறுத்தினார்கள். மழைக்காலம் முழுவதும் கையில் காசில்லை, நேரம் மட்டும் கொட்டிக் கிடந்தது. அந்தச் செமஸ்டரில் என் பெறுபேறு எப்படி ஏறியது என்று நீங்களே ஊகிக்கலாம். இரண்டாம் வருடத்தில் சீசனில் இரண்டு இரவு மட்டும் வேலை பார்த்தேன், அதில் ஒரு பகுதியை மழைக்கு என்று ஒதுக்கினேன். எட்டு மணி விரிவுரைக்கு முந்திய இரவு மேசையில் உட்காருவதில்லை என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர், “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான். முதல் வருடமே கேட்டிருக்கலாம்.

கிண்ணியா ராத்தா:

தம்பி, உங்கள் தாளில் வீட்டு வேலைக்கு வரியே இல்லையே! வீட்டிலிருந்து போய்வந்து படிக்கும் பெண் பிள்ளைக்கு அதுதான் முதல் வரி. நான் முதலாம் வருடம் படித்தது 2009இல். காலையில் உம்மாவுக்கு அடுப்படியில் உதவி, பிறகு விரிவுரை, பின்னேரம் ஒன்பது பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு. இதற்கிடையில் மாமி வீட்டில் கலியாணம் என்றால், “அவள் படிக்கத்தானே செய்கிறாள், வரச் சொல்லுங்கள்” என்பார்கள். படிப்பது சும்மா இருப்பதற்கு இன்னொரு பெயர் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு.

அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். எல்லோரும் அதைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நான் பாடக் குறிப்புகளை வாசித்ததெல்லாம் அங்கேதான். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று வாசிப்பேன். வீட்டில் யாரும் கூப்பிட முடியாத ஒரே இடம் அது.

அந்த வருடம் ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். ஊரே போய்ப் பார்த்தது. வாப்பா இரண்டு தடவை நடந்து கடந்தார். பஸ் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. எனக்கு மட்டும் வாசிக்க இடம் போய்விட்டது. வீட்டுக்கு முன்னதாகவே வந்தேன், முன்னதாகவே வேலை தந்தார்கள். கடைசியில் பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர்கள் செய்யும் நேரத்தில் நான் என் குறிப்புகளை விரித்தேன். நோன்பு மாதத்தில் அதுவும் நடக்கவில்லை; அதை விட்டுவிடுவோம்.

ஹட்டன் ரோட்:

அண்ணா எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பொருந்தவில்லை. சீசனில் சேர்த்து மழையில் செலவழிக்கலாம் என்றால் சீசனில் ஏதாவது மிஞ்ச வேண்டும். நான் டவுனில் போட்டோப் பிரதி எடுக்கும் கடையில் நிற்கிறேன். சம்பளத்தில் பாதி மாதம் முடிவதற்குள் தேயிலைத் தோட்டத்துக்கு, அம்மாவிடம் போய்விடும். மழையோ வெயிலோ எனக்கு ஒரே கணக்குத்தான்.

என்னைக் காப்பாற்றியது குப்பி, அதாவது மாணவர்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுப்பது. ஆங்கில மொழிமூலத்தில் நடக்கும் விரிவுரை எனக்குப் பாதிதான் விளங்கும். பட்ச்சில் ஒரு பெடியன் பரீட்சைக்கு முன் இரவு இரவாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தான். அதற்கு நான் காசு கொடுக்கவில்லை. பதிலாக, கடை மூடும் நேரத்தில் பட்ச்சுக்கே பழைய வினாத்தாள்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். தாளுக்கு மட்டும் காசு, முதலாளியின் அனுமதியோடுதான். அதனால் எனக்குப் பழக்கமில்லாத ஆள் பட்ச்சில் கிடையாது. வெளியே சுற்றப் போனதே இல்லை. கோணேசர் கோயிலுக்குக்கூட வந்து எட்டு மாதம் கழித்துத்தான் போனேன், வழியில் உள்ள கோட்டை வாசலில் மான் படுத்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

உப்புவெளிக்காரன்:

தம்பி சொல்வது சரி. அப்பா இரண்டு தடவை காசு அனுப்பியதை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் என் வருடக் கணக்கும் நவம்பரிலேயே கவிழ்ந்திருக்கும்.

ராத்தா, உங்கள் வரியை எந்தத் தாளில் சேர்ப்பது என்று தெரியவில்லை. என் அக்காவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்படியிலிருந்து, “அந்தப் பாதை இப்போது எங்கே ஓடுகிறது என்று கேள்” என்கிறாள்.