புதுப்பிப்பு: ஸ்பைடர்மேன் கேமில் டோக்கன் பற்றாக்குறை

2018இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் கேட்ஜெட்களை (ஸ்பைடர்மேன் சண்டையில் பயன்படுத்தும் கருவிகள்) மேம்படுத்த டோக்கன் போதவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இப்போது வழி பிடிபட்டுவிட்டது.

இதில் எதையும் வாங்கக் காசு கிடையாது, விளையாடிச் சேர்க்கும் டோக்கன்தான். மன்ஹாட்டன் முழுக்க இருக்கும் 55 பைகளையும் எடுத்துவிட்டால் அந்த வகை டோக்கன் அவ்வளவுதான். அதையெல்லாம் சூட்களுக்கே (ஸ்பைடர்மேன் அணியும் உடைகள்) கொட்டியிருந்தேன், அது தப்பு. ஒரு சூட்டின் சக்தியைத் திறந்துவிட்டால் வேறு எந்த சூட்டிலும் அதைப் பொருத்தலாம். ஆகவே சக்தி பிடித்திருந்தால் மட்டும் அந்த சூட்டை வாங்குங்கள்.

தெருக் குற்றங்களைத் தடுக்கும்போது கூடுதல் இலக்குகளையும் முடியுங்கள், குற்ற டோக்கன் நன்றாகச் சேரும். டாஸ்க்மாஸ்டர் என்ற வில்லன் வைக்கும் சவால்களில் மிக உயர்ந்த நிலையை எட்டினால் மூன்று டோக்கன். முதல் முறை ஒன்றுதான் வந்ததா? பரவாயில்லை, திரும்ப ஆடி மீதியை வாங்கலாம். நேற்று இரவு அப்படித்தான் வெப் பாமை (வலை வெடிகுண்டு கேட்ஜெட்) மேம்படுத்தினேன். கூட்டமாக வருபவர்களை ஒரே வீச்சில் கட்டிப்போடுகிறது, அவ்வளவு சந்தோஷம்!