விட்ரியஸுக்கு 'விழிநுங்கு' சரிவருமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த, தளதளப்பான பொருள்தான் விட்ரியஸ் (vitreous). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நான் சொன்ன 'விழிநுங்கு'க்குப் பதிலாக நீங்கள் சொன்ன 'பளிங்குக்கூழ்' பார்த்தேன். பளிங்கு சரி, கூழில்தான் எனக்குச் சிக்கல். கூழ் கலங்கலானது, சாய்த்தால் வழியும். லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே, கண்ணின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நிறைத்திருக்கும் பொருள் அப்படியா? அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும் அதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

போன சித்திரையில் தக்கலையில் சாலையோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இளங்காய். அரிவாள் சீவியதும் மூன்று கண்ணும் தெரிந்தது (நுங்கின் குழிக்குக் கண் என்றே பெயர் இருப்பதைக் கவனியுங்கள்). பெருவிரலை விட்டால் தளதளவென்று ஆடுகிறது, சிந்தவில்லை. 'விழிநுங்கு' அங்கே தோன்றியதுதான்.

அதற்கு முந்தைய மாதம்தான் அம்மா, "கண்ணுக்குள்ள கொசு பறக்குது மக்களே" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். தாளில் 'விட்ரியஸ் விலகல்' என்று எழுதித் தந்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணுக்குள் இருக்கிற நுங்கு இளகி, திரையை விட்டு விலகியிருக்கிறது, அதில் திரண்ட இழைகளின் நிழல்தான் கொசு என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

சொல் கிளைக்கவும் செய்கிறது: விழிநுங்கு விலகல், விழிநுங்கு நீக்கம், விழிநுங்குக் குருதிக்கசிவு. லென்ஸுக்கு முன்னால் இருப்பது வேறு. அது ஊறி வடிந்துகொண்டே இருக்கும் நீர். 'முன்விழிநீர்' போதும்.

தின்கிற பொருளின் பெயரையா கண்ணுக்கு வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸ் என்பதே லத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர்தானே, அண்ணாச்சி!

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. நுங்கு முற்ற முற்ற இறுகும். கண்ணில் இருப்பதோ வயதாக ஆக நீர்த்துப்போகும். உவமை அங்கே தலைகீழாகிவிடுகிறது. மாணவர்கள் இதில் குழம்புவார்களா என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். வேறு சொல் இருந்தாலும் சரி, எழுதுங்கள். கூழ் மட்டும் வேண்டாம்.