கண்மாய் வேலைத்தளத்தில் முதலுதவி: எப்போது தண்ணீர் ஊற்றுவது, எப்போது இறுகக் கட்டுவது?

கேள்வி – வரத்துக்கால்

வணக்கம். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். வருகைப் பதிவு எடுப்பதும் அளவு குறித்துக் கொடுப்பதும்தான் என் வேலை என்றாலும், தளத்தில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். சென்ற ஆண்டு அக்னி நட்சத்திரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 55 வயதுள்ள ஓர் அம்மா பதினொன்றரை மணி அளவில் மண் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று கரைமேல் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில், உடன் வேலை செய்த தம் மகளை, எப்போதோ இறந்துபோன தங்கையின் பெயரைச் சொல்லி அழைக்கத் தொடங்கினார். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியதால், "வெயில் அடித்திருந்தால் வியர்க்காது, இது பித்த மயக்கம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். சோடா வாங்கி வந்து புகட்டியதில் பாதி மூக்கு வழியே வந்துவிட்டது. பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து 14 கிலோமீட்டர் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் நடை இன்னும் தள்ளாடுகிறது. முன்போல் வரப்பில் நடக்க முடியவில்லை.

அதே மாதம் சீமைக் கருவேல மரம் வெட்டியவரின் கோடாரி நழுவிக் கெண்டைக்காலில் இறங்கியது. கிணற்றுக் கயிற்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே கட்டினோம். கட்டிய பிறகு இரத்தம் குறையவில்லை, முன்னைவிட அதிகமாக வந்ததுபோல்கூட எனக்குத் தோன்றியது. ஒருவர் காப்பித்தூளை அள்ளி அப்பினார். மருத்துவமனையில், இப்படிக் கட்டியது யார் என்று கடிந்துகொண்டார்களே தவிர, எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

எதற்கு அங்கேயே நின்று கைவேலை பார்க்க வேண்டும், எதற்கு ஒன்றும் செய்யாமல் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில் – நள்ளிரவுச் சைரன்

நான் பதினொரு ஆண்டுகளாக 108 ஊர்தியில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு நேர்ந்தது ஹீட் ஸ்ட்ரோக்காகத்தான் இருக்க வேண்டும். தோல் வறண்டு கொதிக்கும் என்று பாடப் புத்தகங்களில் இருப்பது, காற்றில்லாத அறையில் வெக்கையில் நாள்கணக்காகக் கிடக்கும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுகிறவர் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கக்கூடும். ஆகவே வியர்வையை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு எல்லாம் இருந்தும் பேர் ஊர் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார் என்றால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். பேச்சு தடுமாறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, அந்தக் கணத்திலிருந்து அவருக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: குளிர்ச்சி.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். பாம்புக்கடிக்கும் நெஞ்சுவலிக்கும் வண்டியை விரட்டிப் பழகிய நாம், இதற்கும் அதையே செய்கிறோம். ஹீட் ஸ்ட்ரோக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்; அந்தச் சூட்டில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அரை மணி நேரத்துக்குள் அதை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். உங்கள் 14 கிலோமீட்டர் ஆட்டோப் பயணம் அந்த அரை மணியை விழுங்கியிருக்கும். நடையின் தள்ளாட்டமும் இதனால் வந்ததாக இருக்கலாம், ஏனெனில் உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளை வெப்பத்தை மிகக் குறைவாகவே தாங்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயிற்சிக்கு முன்பு நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

108-ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வருவதற்குள் உங்கள் தளத்தில் இருப்பதை வைத்தே குளிர்விக்கலாம். நிழலுக்காகக் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்துத் தரையில் விரித்து, அவரை நடுவில் கிடத்துங்கள். நான்கைந்து பேர் ஓரங்களைத் தொட்டில்போல் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் கிடைக்கும் தண்ணீரையெல்லாம், எட்டுப் பத்துக் குடமானாலும் சரி, உள்ளே ஊற்றி உடல்மேல் அலைபோல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் அதிலேயே போடுங்கள். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து முகம் நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்வது கட்டாயம். தண்ணீர் குறைவாக இருந்தால் உடல் முழுவதும் நனைத்து, பனையோலை விசிறியோ முறமோ கொண்டு விடாமல் வீசுங்கள். உடுத்தியிருப்பது புடவை என்று தயங்கி வெறும் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தால் பயன் இல்லை. பெண்களை நான்கு பக்கமும் மறைத்து நிற்கச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். பேச்சு தெளியும்போதோ நடுக்கம் தொடங்கும்போதோ நிறுத்திவிடலாம்.

நினைவு தடுமாறியவர் வாயில் சோடா, மோர், தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. கக்கத்தில் வைக்கும் வெப்பமானி உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். இன்னொரு ஐயமும் மனத்தில் இருக்கட்டும்: சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால், இரத்தச் சர்க்கரை இறங்கியும் இதேபோல் வியர்த்து உளறுவார். தொலைபேசியில் அதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் – தையல் நூல்

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். கோடாரி வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கயிறு கட்டிய பிறகு இரத்தம் கூடியதாகத் தோன்றியது என்றீர்களே, அது உங்கள் பிரமை அன்று. இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் ஆழத்தில், உயர்ந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. திருப்பிக்கொண்டு போகும் சிரைகள் பல தோலுக்கு அருகிலும், எல்லாமே குறைந்த அழுத்தத்திலும் இருக்கின்றன. அரைகுறையாகக் கட்டிய கட்டு சிரையை மட்டும் அடைத்துவிட்டுத் தமனியைத் திறந்தே வைத்திருப்பதால், உள்ளே வருவது வந்துகொண்டிருக்க, திரும்பிப் போக வழியில்லாத இரத்தம் காயத்தின் வழியாக வெளியேறுகிறது. மெல்லிய கயிறு போதிய இறுக்கத்தைத் தருவதற்கு முன்பே தோலையும் நரம்பையும் அறுத்துவிடும். கடிந்துகொண்டவர்கள் கயிற்றைப் பார்த்துத்தான் கடிந்திருப்பார்கள், காரணத்தையும் சொல்லியிருக்கலாம்.

முதல் வேலை அழுத்துவது. துவைத்த துண்டோ வேட்டியின் மடிப்போ எதுவாயினும் காயத்தின்மேல் வைத்து, முழங்கையை மடக்காமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதுதான் நான் அதிகமாகக் காணும் பிழை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறையத் தொடங்கிய இரத்தம் பெயர்ந்துவிடுகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள். காயம் ஆழமாக வாய் பிளந்திருந்தால், துணியின் ஒரு முனையை விரலால் காயத்துக்குள் அடிவரை திணித்துக்கொண்டே போய், குழி நிறைந்த பிறகு மேலிருந்து அழுத்த வேண்டும். கட்டுப் போட முடியாத தொடையிடுக்கிலும் அக்குளிலும் இதுதான் வழி. அடிபட்டவர் கத்துவார், அதற்காக விட்டுவிடக் கூடாது.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதுவும் பீய்ச்சும் தமனியை அடைக்காது. அவற்றைச் சுரண்டி எடுத்துக் கழுவுவதிலேயே எங்களுக்கு நேரம் போகிறது, காயமும் சீழ் பிடிக்கிறது.

கையிலோ காலிலோ, அழுத்தியும் பீய்ச்சுவது நிற்கவில்லை என்றால் அப்போது கட்டுங்கள். துண்டை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றி ஒரு முடிச்சு. அதன்மேல் ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சி. குச்சியின்மேல் இன்னொரு முடிச்சு. குச்சியைத் திருகத் திருகத் துண்டு இறுகும். இரத்தம் முற்றிலும் நிற்கும்வரை திருகி, குச்சி சுழன்று அவிழாதபடி கட்டிவிடுங்கள். கட்டிய மணியை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்தி விட வேண்டும் என்று முன்பு சிலர் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் சிறுகச் சிறுக இரத்தம் போய்க்கொண்டேயிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் கொண்டுவந்துவிட்டால், கட்டின் காரணமாகக் கால் போவது அரிது. அவிழ்ப்பது எங்கள் பொறுப்பு.

எவ்வளவு போயிருக்கிறது என்று மண்ணைப் பார்த்து மதிப்பிடாதீர்கள், உழுத மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் வரை இழந்த பிறகும் இளைஞர் ஒருவரின் இரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல் ஏமாற்றலாம். அதற்கு முன்பே நாடி வேகமாக ஓடும், தோல் வெளுத்துச் சில்லிட்டு ஈரமாகும், தாகம் எடுக்கும், ஆள் நிலைகொள்ளாமல் புரள்வார். முகத்தில் தண்ணீர் தெளிப்பது இவருக்கு ஆகவே ஆகாது. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையும் திறன் குறைகிறது. எனவே அக்னி நட்சத்திரமே ஆனாலும் மேலே ஒரு போர்வையோ சாக்கோ போர்த்துங்கள். தாகத்துக்குக் குடிக்கவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவே கூடாது.

கேள்வியாளர் – வரத்துக்கால்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஒருவரை நனைக்க வேண்டும், மற்றவரைப் போர்த்த வேண்டும் என்பது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புதருக்குள் பாம்பு கடித்தாலும் நாங்கள் இதேபோல் கட்டுகிறோம். குச்சி வைத்துத் திருகுவதை அதற்கும் செய்யலாமா?

பதில் – பழைய செவிலி

கூடவே கூடாது, தம்பி. முப்பத்திரண்டு ஆண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். இரத்தம் பீய்ச்சும்போது உயிரைக் காக்கும் அதே கட்டு, பாம்புக்கடியில் காலை அழுகச் செய்யும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்த இடத்தில் தசையையே சிதைக்கும் நஞ்சு உடையவை. கட்டினால் அந்த நஞ்சு முழுவதையும் ஒரே இடத்தில் தேக்கி வைத்ததாகிவிடும். யாராவது முன்பே இறுகக் கட்டியிருந்தால் வழியில் சட்டென அவிழ்த்துவிடாதீர்கள், தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலில் பரவிவிடும். மருந்து ஏற்ற ஆயத்தமாக இருக்கும் இடத்தில் மருத்துவர் அவிழ்க்கட்டும்.

கடித்த காலை முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல் கட்டை வைத்து அசையாமல் பிணைத்து, கொலுசு, மெட்டி, அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, வேரைக் கட்டுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான். அதற்கான நஞ்சைப் பெரும்பாலும் எடுத்துத் தருபவர்கள், 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. மருத்துவமனையில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். வழியில் இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா என்று கவனித்து, எத்தனை மணிக்கு எது தொடங்கியது என்று சொன்னீர்களானால் அது பாம்பைக் கொண்டு வருவதைவிடப் பயன்படும்.

பதில் – நள்ளிரவுச் சைரன்

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் கண்மாய்க் கரையில் இடி தாக்கினால், விழுந்தவரைத் தொடப் பயப்பட வேண்டாம், அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. முனகுபவர்களை விட்டுவிட்டு, மூச்சுப் பேச்சின்றிக் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினால் மீண்டு வர வாய்ப்பு உண்டு. மழை தொடர்ந்து இடித்துக்கொண்டிருந்தால் மரத்தடியிலிருந்து முதலில் விலகிவிடுங்கள்.

கேள்வியாளர் – வரத்துக்கால்

நேற்று முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பஞ்சுச் சுருளும் காய்ந்துபோன டிங்ச்சர் புட்டியும் மட்டுமே இருந்தன. வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி மூன்றும் இருந்தாக வேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே சொல்லியிருந்ததைச் சுட்டிக்காட்டி ஊராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை காத்திருக்காமல், அகலமான காடாத் துணி நான்கு முழம், ஒரு சாண் மூங்கில் குச்சி இரண்டு, பேனா ஒன்று, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருபது வாங்கி வைத்துவிட்டேன். தார்ப்பாயின் ஓரங்களில் ஆறு இடத்தில் கைப்பிடி வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையற்காரர், இதில் எதைத் தூக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.